மக்களாட்சிக்கு வெளிநாட்டுப் பணம்: மன்றக் கட்டடமா, குடிநீர்க் குழாயா, குழுவின் கணக்கேடா?

வளரும் நாடொன்றின் மக்களாட்சி அமைப்புகளை வலுப்படுத்த வெளிநாடுகள் தரும் பணம் எந்த வழியாகச் சென்றால் நிலைத்து நிற்கும் என்ற கேள்விக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாழும் நாம் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். இங்கு வந்த இரண்டு பெரிய வெளிநாட்டுக் கடனுதவிகளும் மக்களாட்சியின் பெயரால் வந்தவை அல்ல. ஆயினும் உள்ளூர் மக்களின் அதிகாரத்தில் அவை ஏற்படுத்திய விளைவுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன.

முதலில் மேல்மட்ட வழி. நாடாளுமன்றம், தேர்தல் ஆணையம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு நேரடியாகக் கட்டடமும் கருவியும் பயிற்சியும் தருவது இவ்வழி. இந்தியா ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் காபூலில் கட்டித் தந்த ஆப்கானிஸ்தான் நாடாளுமன்றக் கட்டடம் 2015 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்டது; 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் தலைநகரைப் பிடித்தபின் கட்டடம் எஞ்சியது, நாடாளுமன்றம் இல்லாமற்போனது. கொடுத்தவரின் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் ஆட்சியைப் பிடித்தவர்கள் ஒரே நாளில் மூடிவிடக்கூடிய இடத்தில் முழு முதலீட்டையும் வைப்பது இவ்வழியின் அடிப்படைப் பலவீனம். இந்தியாவும் அமெரிக்காவும் முன்னின்று ஆதரிக்க 2005-இல் தொடங்கப்பட்ட ஐக்கிய நாடுகள் மக்களாட்சி நிதியம், பெரும்பாலும் குடிமக்கள் அமைப்புகளுக்கே பணம் தருவதால், இந்த ஆபத்தை ஓரளவு தவிர்க்கிறது.

இரண்டாவது, மக்களுக்குத் தேவையான சேவையை அரசுத் துறை வழியாகக் கொண்டுசேர்ப்பது. நம் பகுதியில் இதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் சிதைத்த இம்மாவட்டங்களுக்கு, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-இல் காவிரி நீர் வரத் தொடங்கியது. அந்த நீரின் அருமையை இங்குள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் மக்களாட்சி என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், திட்டத்தை வகுத்து நிறைவேற்றியது குடிநீர் வடிகால் வாரியம். ஊராட்சியின் பங்கு, மேல்நிலைத் தொட்டிக்கு வந்த நீரைத் தெருக்களுக்குப் பிரித்து விடுவது. நீர் வராத நாளில் மக்கள் ஊராட்சித் தலைவரைக் கேட்பார்கள். அவருக்கோ மேலிருந்து வரும் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. இவ்வழி அரசின் திறனை வளர்க்கிறது. உள்ளூர் மன்றத்தின் அதிகாரத்தை அதே அளவில் வளர்ப்பதில்லை.

மூன்றாவது, மக்களே கூடி நடத்தும் குழுக்கள் வழியாகப் பணத்தைத் தருவது. இந்தக் குழு வழியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 1989-இல், கிருஷ்ணகிரி பிரிக்கப்படாத அன்றைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று மாநிலம் முழுவதும் பரவியுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களின் தொடக்கம் இதுவே. குழுவாகக் கூடுவது, சேமிப்பைப் பதிவு செய்வது, யாருக்கு எவ்வளவு கடன் என்று பேசி முடிவெடுப்பது, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுவது, வங்கி மேலாளர் முன் அமர்ந்து கணக்கைக் காட்டுவது ஆகிய பழக்கங்கள், 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, அப்பதவிகளுக்குத் தேவையான பயிற்சியாகவே அமைந்திருந்தன. பயிற்சிக் கூடத்தில் இரண்டு நாள் வகுப்பெடுத்து இதைத் தந்துவிட முடியாது.

இவ்வழிக்கு எதிரான வலுவான வாதமும் உண்டு. இந்தோனேசியாவில் உலக வங்கி உதவியுடன் 1998-இல் தொடங்கிய கெச்சமத்தான் (துணை மாவட்டம்) வளர்ச்சித் திட்டத்தில், கிராம மக்களே கூடிப் பேசித் தங்களுக்கான சாலையையோ பாலத்தையோ தேர்ந்தெடுத்தார்கள். அச்சாலைப் பணிகளை 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆராய்ந்த பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன், அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஊர்களில் காணாமற்போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்ததையும், கூட்டங்களுக்கு மக்களைக் கூடுதலாக அழைத்ததால் சராசரியில் பெரிய மாற்றம் ஏற்படாததையும் 2007-இல் வெளியிட்டார். கூட்டம் கூட்டினாலே ஊழல் ஒழியும் என்று நம்புவோர் இம்முடிவை மனம் திறந்து ஏற்க வேண்டும். எனவே என் தேர்வு குழு வழிதான் என்றாலும், வெளித் தணிக்கை இல்லாத குழு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் கொடுப்பவர் விலகிய பிறகு என்ன நடக்கிறது என்பதும் ஒப்பிட வேண்டியது. அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமை 2025-இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல நாடுகளின் தேர்தல் கண்காணிப்பு, ஊடகப் பயிற்சிப் பணிகள் பாதியில் நின்றன. தருமபுரியில் தொடங்கிய திட்டத்தையோ, வெளிநாட்டு உதவி முடியும் தறுவாயில் மாநில அரசு தன் சொந்த நிதியில் மகளிர் திட்டம் என ஏற்றுக்கொண்டது. இந்தோனேசியாவும் 2014-இல் கிராமச் சட்டம் இயற்றி, நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே கிராமங்களுக்கு நிதி ஒதுக்கியது. உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, எந்த ஆண்டு முதல் உள்நாட்டு நிதி பொறுப்பேற்கும் என்று எழுதிவைக்காத திட்டத்தை நான் பின்னுக்குத் தள்ளுவேன்.

இம்மூன்று வழிகளாலும் ஈடுசெய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது. 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் தேர்தல் முடியும் வரை நம் ஊராட்சிகள், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இன்றி, அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2025 ஜனவரியில் மீண்டும் அதே நிலைக்குச் சென்றன. குழு நடத்திக் கணக்கெழுதப் பழகிய பெண், கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் இருக்க வேண்டும். உரிய காலத்தில் தேர்தல் நடத்துவதற்கு வெளிநாட்டுப் பணம் தேவையில்லை. அதை மாநில அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமுமே செய்தாக வேண்டும்.