எண்ணும் எழுத்தும் கையேடு: நல்ல ஆசிரியரிடம் அது எதைக் கேட்கிறது?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எழுத்தும் எண்ணும் கைநழுவிப் போன பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது எண்ணும் எழுத்தும் திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள், 2023-24இல் நான்கும் ஐந்தும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், 2025க்குள் அந்த நிலையை எட்ட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு.

இந்த மதிப்புரை அதன் ஆசிரியர் கையேட்டைப் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாகப் பணிக்கு வரும் இடைநிலை ஆசிரியருக்கு இது மிக நல்ல துணை. நாளை வகுப்பில் என்ன செய்வது என்ற திகைப்பை இது நீக்கிவிடுகிறது. ஆனால் கையேட்டை வரிவரியாகப் பின்பற்றும் இரண்டு வகுப்பறைகளில் ஒன்றில் பிள்ளைகள் வாசிப்பார்கள், இன்னொன்றில் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையேட்டுக்கு மதிப்பெண் போட முடியாது.

இதன் உயிர்நாடி நிலை பிரிப்பு. ஏறத்தாழ முதல் வகுப்புத் திறன்களில் நிற்பவர்கள் அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன்களில் இருப்பவர்கள் மொட்டு, மூன்றாம் வகுப்புக்குரியதைத் தொட்டவர்கள் மலர். மூன்றாம் வகுப்பு என்றால் மூன்று நிலையும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நூல் உண்டு. பாட்டு, கதை, பொம்மலாட்டம், விளையாட்டு என்று செயல்பாடுகளும் தாராளம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் என்ற முறையிலும் பிள்ளை தன் வேகத்தில்தான் போனது. அங்கே வேகத்தைச் செயல்பாட்டு அட்டைகளும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படிப் பட்டியலும் தாங்கின. இங்கே ஆசிரியரே தாங்க வேண்டும். இது முன்னேற்றம் என்றே நினைக்கிறோம். அட்டை பிள்ளையின் முகத்தைப் பார்க்காது.

சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். மூன்று குழுவுக்கு ஓர் ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், 60 பேர் வரை உள்ள பள்ளிக்கு இருவர். ஆகவே ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவரே பகிர்ந்துகொள்கிறார்கள். 45 நிமிடப் பாடவேளையை எப்படிப் பிரிப்பது? நடைமுறையில் நன்றாக ஓடும் ஒரு பிரிவினை இது: முதல் 10 நிமிடம் எல்லோருக்கும் சேர்த்துப் பாட்டோ கதையோ. அடுத்த 15 நிமிடம் அரும்புக் குழுவோடு தரையில் உட்காருவது. அந்நேரம் மலர்ப் பிள்ளைகள் இணை இணையாக வாசிக்கட்டும், மொட்டுப் பிள்ளைகள் பயிற்சி நூலைச் செய்யட்டும். பிறகு மொட்டுக்கு 10 நிமிடம், மலருக்கு 5 நிமிடம், கடைசி 5 நிமிடம் எல்லோருக்கும்.

பெரும்பாலும் நடப்பது தலைகீழ். மலர்ப் பிள்ளை கேட்டவுடன் பதில் சொல்லும். பாடம் ஓடுகிற நிறைவை ஆசிரியருக்குக் கொடுக்கும். அரும்புப் பிள்ளை நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று மறந்திருக்கும். சோர்ந்துபோன ஆசிரியர் தன்னை அறியாமலே மலர்ப் பக்கம் நகர்ந்துவிடுவார். அரும்புக் குழு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். நோட்டு நிறையும், வாசிப்பு வராது. ஒரே எழுத்தைப் பத்தாவது முறையும் முதல் முறை போன்ற முகத்தோடு சொல்லித்தரும் பொறுமைதான் இந்தத் திட்டத்துக்கு ஆதாரம். கையேடு அதைக் கேட்கிறது. கொடுக்க அதனால் ஆகாது.

பொறுமை மட்டும் இருந்தாலும் போதாது. பிள்ளை ஏன் தவறுகிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இதற்கு ஒரு தனி இடம் கொடுத்தார்: பாடம் தெரிவது ஓர் அறிவு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னோர் அறிவு, இந்தப் பாடத்தில் மாணவர் எங்கே தடுக்குவார், எப்படிச் சொன்னால் விளங்கும் என்பது மூன்றாவது அறிவு. தொடக்கப் பள்ளிக்கு இந்த மூன்றாவதுதான் மிக அவசரமாகத் தேவை.

தமிழை எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்பதில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். வாயோ க்-இல் தொடங்குகிறது. இடமிருந்து வலமாக வாசிக்க இப்போதுதான் பழகிய பிள்ளை ‘கொக்கு’ என்பதைக் ‘கெ... கா...’ என்று தடுமாறுவது கவனக்குறைவால் அன்று. கண் போகும் வரிசையும் ஒலி வரும் வரிசையும் அங்கே மாறிக் கிடக்கின்றன. அப்போது ‘கொ’வைப் பத்து முறை எழுதச் சொன்னால் கை பழகும், கண் பழகாது. க, கா, கெ, கொ நான்கையும் அடுத்தடுத்து எழுதி, கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே வட்டத்துக்குள் அடைத்துக் காட்ட வேண்டும். பிறகு அதே வேலையை ப, ம, த வரிசையில் பிள்ளையே செய்ய வேண்டும். மூன்று எழுத்துகளில் செய்துவிட்டால் நான்காவதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும்.

ர, ற குழப்பத்தில் ஆசிரியர்கள் கொடுக்கும் மருந்தும் பல நேரம் தவறு. ‘ஒழுங்காக உச்சரி’ என்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பேச்சில் மரமும் மறமும் ஒரே ஒலியாகிவிட்டன. சொல்லித்தருபவர் வாயிலும் அப்படித்தான். காதுக்குக் கேட்காத வேறுபாட்டை வாயால் திருத்த முடியாது. கண்ணுக்குத்தான் காட்ட வேண்டும்: காற்று, வெற்றி, நாற்று என்று ற இரட்டித்து வரும், ர ஒருபோதும் இரட்டிக்காது. இந்த ஒரு விதியும் சுவரில் ஒட்டிய இருபது சொற்களும் ஒரு பருவ காலத்துச் சிவப்பு மைத் திருத்தத்தைவிட அதிகம் செய்யும். ல, ள, ழ அப்படி இல்லை. அங்கே உச்சரிப்பு உதவும், ஆனால் ஆசிரியர் தன் நாக்கை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பேச்சுத் தமிழையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘நேத்து ஊருக்குப் போயிட்டு வந்தேன்’ என்று பிள்ளை எழுதினால் அது தன் மனதில் உள்ளதை எழுத்தாக்கிவிட்டது. அதற்கு முதலில் பாராட்டு. அடுத்த வரியில் ‘நேற்று ஊருக்குப் போய்விட்டு வந்தேன்’ என்று எழுதி இரண்டையும் சேர்த்து வாசிக்கச் செய்யலாம். அடித்துத் திருத்திய நோட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை அடுத்த முறை இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று அரும்புக் குழுவில் பலர் தமிழையே புதிதாகக் கேட்பவர்கள். அவர்களை மந்தம் என்று எண்ணிவிடாத நிதானம் ஆசிரியருக்கு வேண்டும். அவர்கள் வீட்டு மொழியில் பத்துச் சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் ஆசிரியரிடம் அந்தப் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள்.

கணக்கில் கையேட்டின் செயல்பாடுகள் தமிழைவிட உறுதியாக இருக்கின்றன என்பது எங்கள் கருத்து. பொருள்களைக் கையாண்டு எண்ணுவதில் அது பிடிவாதமாக இருப்பது நல்லது. ஆனாலும் ஈர்க்குச்சிக் கட்டுகளை வகுப்பில் வைத்திருப்பதும் அவற்றைச் சரியான நொடியில் எடுப்பதும் ஒன்றாகிவிடாது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. தப்பு என்று கோடு போட்டுவிட்டு நகர்ந்தால் நாளையும் 35தான் வரும். ஏனென்றால் பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறது: பெரியதிலிருந்து சிறியதைக் கழி. ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. ‘எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும். அப்போதுதான் குச்சி வேண்டும். ஐந்து பத்துக்கட்டு, இரண்டு உதிரி. உதிரியிலிருந்து ஏழு எடுக்க முடியாது, ஒரு கட்டைப் பிரி. நான்கு கட்டு, 12 உதிரி. ஏழு எடுத்தால் ஐந்து உதிரி, இரண்டு கட்டு எடுத்தால் இரண்டு கட்டு. 25. ரப்பர் பேண்டைப் பிள்ளையின் விரல்தான் கழற்ற வேண்டும். ஆசிரியர் கழற்றிக் காட்டினால் அது வேடிக்கையாகிவிடும்.

முந்நூற்று நான்கை 3004 என்று எழுதுவதும் இதே இனம். காதில் முந்நூறும் நான்கும் தனித்தனியாக விழுகின்றன, 300ஐ எழுதிவிட்டுப் பக்கத்தில் 4ஐ ஒட்டிவிடுகிறது பிள்ளை. 300 என்று எழுதிய அட்டையின் கடைசிப் பூஜ்ஜியத்தின் மேல் 4 அட்டையை வைத்து மூடிக் காட்டினால் வேலை முடிந்தது. மூன்று பழைய நாள்காட்டித் தாள் போதும்.

கேள்வி கேட்கும் முறை எந்தக் கையேட்டாலும் அச்சடித்துக் கொடுக்க முடியாத தொழில்திறன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காத மாணவர்கள் பேசினார்கள். அரும்புக் குழுவுக்கு மூன்று நொடியும் குறைவுதான். செய்முறை எளிது: முதலில் கேள்வி, பிறகு மௌனம், பிறகு பெயர். ‘முருகா, எட்டும் ஐந்தும் எத்தனை?’ என்றால் முருகனைத் தவிர மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ‘எட்டும் ஐந்தும் எத்தனை?’ என்று கேட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, பிறகு ‘முருகா’ என்றால் எல்லோரும் கணக்குப் போட்டிருப்பார்கள். ‘தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்’ என்பதும் வேண்டாம். தூக்குகிற கைகள் தினமும் அதே கைகள்தான்.

திட்டத்தின் பலவீனமான பகுதி மதிப்பீட்டுச் சுமை. கைபேசிச் செயலியில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. அது நியாயமான குறை. நேரம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. மலர் எண்ணிக்கை கூடினால் நல்ல பெயர் என்ற எண்ணம் வந்துவிட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளை திரையில் மலராகிவிடும். அதன்பின் யாரும் அதன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ‘என் வகுப்பில் இத்தனை பேருக்கு இன்னும் எழுத்தே தெரியவில்லை’ என்று தலைமையாசிரியரிடம் சொல்லும் துணிவு நல்லாசிரியரின் குணங்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அதை வெட்கப்படாமல் பேசி, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் வழி கேட்பவரின் வகுப்பு விரைவில் தேறும்.

செயலிக்கு வெளியே ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்வது பலன் தரும். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். பாடநூலில் இல்லாத நான்கு வரிப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு கேள்வி, ஐந்து சொல் சொல்வதை எழுதுதல், இரண்டு கணக்கு. 30 பேர் வகுப்பை இரண்டு வாரத்தில் சுற்றி வந்துவிடலாம். சரி, தப்பு என்று குறிப்பதைவிட எந்த இடத்தில் நின்றது என்று எழுதுவது முக்கியம்: ‘ணகர னகரம்’, ‘ஒற்றெழுத்தை விடுகிறாள்’, ‘பத்தைத் தாண்டிக் கூட்டும்போது விரல் போதவில்லை’. குழுவை மாற்றுவதற்கு இந்த நோட்டே ஆதாரம். ஒரு பருவம் முழுக்க அதே குழு அப்படியே இருந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள்.

நிலைப் பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தாலும் பிள்ளைகள் ஒரு வாரத்தில் தரவரிசையைப் புரிந்துகொள்வார்கள். ‘நீ அரும்புதானே, சும்மா இரு’ என்று ஆசிரியர் வாயிலிருந்து ஒருமுறை வந்தால் போதும், வகுப்பே அந்தப் பிள்ளையை அப்படிக் கூப்பிடும். உடல் தண்டனையோடு மன வதையையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. இந்த வகைப் பேச்சையும் ஆசிரியர் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். தமிழில் அரும்பில் இருப்பவள் கணக்கில் மலரில் இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையைக் கணக்கு வேளையில் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வைப்பது பெயரின் கூர்மையை மழுங்கடிக்கும்.

யாருக்குப் பரிந்துரைப்போம்? புதிய ஆசிரியர்களுக்குத் தயங்காமல். இல்லம் தேடிக் கல்வி மையங்களில் மாலை வேளையில் சொல்லித்தந்து பழகிய தன்னார்வலர்களுக்கும் செயல்பாட்டுப் பகுதிகள் அப்படியே பயன்படும். பெற்றோர் வாங்கிப் படிக்க வேண்டிய நூல் இது இல்லை. அவர்கள் பள்ளிக்கு வந்தால் ‘என் பிள்ளை எந்த நிலை?’ என்பதோடு நிறுத்தாமல் ‘எந்த இடத்தில் தடுக்குகிறது?’ என்று கேட்கட்டும். நல்ல ஆசிரியர் நோட்டைத் திறந்து காட்டுவார். அனுபவசாலிகளுக்குச் சில பக்கங்கள் கைகட்டிப் போட்டது போலத் தோன்றலாம். செயல்பாட்டை மாற்றிக்கொள்ளலாம், நோக்கத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

அடுத்த பதிப்பில் வேண்டுவது இரண்டு. செயல்பாடுகளில் தாராளமாக இருக்கும் கையேடு பிள்ளைகளின் பிழைகளைப் பற்றிப் பேசுவதில் சிக்கனமாக இருக்கிறது. ஒவ்வோர் அலகின் முடிவிலும் ‘இங்கே பிள்ளைகள் இப்படித் தவறுவார்கள், காரணம் இது, இதைச் செய்து பாருங்கள்’ என்று ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் அரும்புக் குழுவோடு தினமும் தரையில் உட்காரும் ஆசிரியர்கள். இரண்டாவது, அந்தப் பக்கத்துக்கு எதிரே ஒரு பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அவரவர் வகுப்பில் கண்ட பிழைகளை எழுதிவைக்க.