இறக்குமதிக் கதவும் ஏற்காட்டு மழையும்

ஏற்காட்டில் கட்டிய வீட்டுக்காகச் சேலத்து மரக்கடை ஒன்றில், மலேசியாவில் இழைத்துக் கோத்து வந்த ஆறு மெராண்டிக் (தென்கிழக்காசிய மரவகை) கதவுகளை நிலையோடு வாங்கினேன். 2014 ஏப்ரலில் மியான்மர் தேக்குத் தடிகளின் ஏற்றுமதியை நிறுத்திய பின்னும் ‘பர்மா தேக்கு’ என்ற பெயரைச் சொல்லியே விற்பவர்கள் உண்டு. இக்கடைக்காரரோ மரத்தின் பெயரையும் பிறந்த நாட்டையும் ஒளிக்காமல் சொன்னதோடு, தச்சு வேலைப்பாடுகளுக்குரிய 4418 என்ற சுங்கத் தலைப்பு எண்ணையும் இறக்குமதித் தாளில் காட்டினார். சட்டங்களை இணைக்கும் கழுந்தும் அது நுழையும் துளையும் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன. மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி, நன்கு உலர்ந்ததற்கு அடையாளமாக 12 சதவீதம் காட்டியது.

குறை ஒன்றுண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஐப்பசி ஈரத்தில் இரண்டு கதவுகள் உப்பி நிலையில் பிடித்துக்கொண்டன. மேல், கீழ் விளிம்புகளில் வார்னிஷ் அடிக்கப்படவே இல்லை என்பதைக் கழற்றியபோதுதான் எங்கள் ஆசாரி கண்டார். கடைக்காரர் இழைப்புக் கூலியை மட்டும் தந்தார். வண்டிவாடகை என் தலையில் விழுந்தது.