ஸ்வநிதிக் கடன்: தண்டலை விட்டு வெளியே வர உதவுமா?

சென்னையில் 10,000 ரூபாய் தண்டல், அதாவது தினவசூல் கடன், எடுத்தால் கையில் வருவது 8,500 என்று வைத்துக்கொள்வோம். 1,500 எடுக்கும்போதே வட்டியாகக் கழிந்துவிடும். பிறகு தினம் 100 ரூபாய், 100 நாள். 15 சதவீத வட்டிதானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முழுப் பணமும் ஒரு நாள்கூட நம் கையில் நிற்பதில்லை. அதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீத வட்டி. பூக்கூடைக்காரம்மாவும் இட்லி வண்டிக்காரரும் வருடத்துக்கு மூன்று முறை இந்தச் சுற்றில் போகிறார்கள்.

தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தை இந்தத் தண்டலோடு வைத்துத்தான் எடை போட வேண்டும். வங்கி மேலாளரின் பேச்சையோ விளம்பரப் பலகையையோ வைத்து அல்ல.

2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. அப்போது முதல் கடன் 10,000, இரண்டாவது 20,000, மூன்றாவது 50,000. 2025 ஆகஸ்டில் மாற்றி அமைத்தபோது முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். மூன்றாவது அதே 50,000. கடன் கொடுக்கும் காலம் 2030 மார்ச் 31 வரை நீண்டிருக்கிறது. அடமானம் கிடையாது. தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை.

15,000 ரூபாயை 12 சதவீதத்துக்கு ஓராண்டுக் கடனாக வங்கி கொடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,333. வருடம் முழுக்கக் கட்டும் வட்டி 993. மானியமாக 580 ரூபாய் போலத் திரும்பி வரும். ஆக, கைக்காசு போவது 400 சொச்சம். அதே 15,000 தண்டலில் ஒரு சுற்றுக்கு 2,250 போகும், மூன்று சுற்றுக்கு 6,750. இந்த ஒரு விஷயத்தில் திட்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் கடன் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களும் இந்தத் திட்டத்தில் கடன் கொடுக்கலாம், அவர்கள் வட்டி அவர்களுடையது. 24 சதவீதம் என்றால் அதே 15,000-க்கு வருட வட்டி 2,020. மானியம் மட்டும் அதே 7 சதவீதம்தான். விண்ணப்பிக்கும்போது கடன் தரும் கிளையை நாமே தேர்வு செய்ய இடம் இருக்கிறது. சேமிப்புக் கணக்கு உள்ள வங்கிக் கிளையையே குறிப்பிடுங்கள். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டால் விண்ணப்பம் எந்தக் கிளைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

மானியம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தவணையில் கழித்துக்கொள்வார்கள் என்று நினைத்து, 1,333-க்குப் பதில் 1,285 மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். அப்படி நடக்காது. தவணை முழுதாகப் போகும். மானியம் பின்னால், காலாண்டு வாரியாகக் கணக்கில் ஏறும். குறைத்து வைத்தால் தவணை திரும்பும், வங்கி அதற்குத் தனியாகக் கட்டணம் பிடிக்கும், கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் மானியமும் நின்றுவிடும்.

தண்டல்காரர் கடை வாசலுக்கே வந்து தினமும் வசூல் செய்வார். வங்கி மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக எடுக்கும். அன்றாட வருமானக்காரருக்கு இதுதான் பெரிய இடறல். மாதத்தில் 26 நாள் வியாபாரம் என்றால் தினம் 52 ரூபாய் தனி டப்பாவில் போட்டால் போதும். தண்டலுக்குக் கட்டிய 150-ஐ விட மூன்றில் ஒரு பங்கு. வாரம் ஒருமுறை அதைக் கணக்கில் கட்டிவிடுங்கள். டப்பாவிலேயே கிடந்தால் கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறும் வாரம் அது கைமுதலில் கரைந்துவிடும்.

வந்த பணத்தில் முதல் வேலையாக ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை அடைப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும், ஆனால் நஷ்டம். வட்டியை அவர் முதலிலேயே எடுத்துவிட்டார். 10,000 தண்டலில் 40-ஆம் நாள் மீதி 6,000-ஐ மொத்தமாகக் கட்டினாலும் அவர் எதையும் திருப்பித் தரப்போவதில்லை. மீதி 60 நாளையும் பழையபடி ஓட்டிவிட்டு, அடுத்த சுற்று எடுக்காமல் இருப்பதே சரி. ஸ்வநிதிப் பணத்தைச் சரக்கில் போட வேண்டும். மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுக்கும்போது கிலோவுக்குக் கூட்டி வைக்கும் விலையை, கையில் பணம் வைத்துப் பேசினால் தவிர்க்கலாம்.

அடுத்து விண்ணப்பம். திட்டத்தின் இணையதளம் வழியாகவோ பொதுச் சேவை மையத்திலோ போடலாம். முதல் தடையே ஆதார்தான். ஆதாரில் இணைத்த கைபேசி எண் தொலைந்த பழைய எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. வராது, வேலை அங்கேயே நிற்கும். இதைச் சரிசெய்யாமல் மையத்துக்குப் போவது வீண் அலைச்சல். இரண்டாவது, நம் ஊருக்கே உரிய இனிஷியல் சிக்கல். ஆதாரில் எழுத்து பெயருக்குப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், மாநகராட்சி அட்டையில் எழுத்தே இல்லை. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, எப்போதோ குழுக் கடனில் நின்றுபோன பாக்கி. அது இப்போது வெளியே வந்து நிற்கும். முடித்த கடனாக இருந்தால் முடித்ததற்கான கடிதத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது, 'நீங்கள் தெருவோர வியாபாரிதான்' என்று காட்டும் காகிதம். மாநகராட்சி கொடுத்த விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ இருந்தால் வேலை சுலபம். மாநகராட்சியின் வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் இருந்து அட்டை மட்டும் வராதவர்களுக்குத் தற்காலிகச் சான்று உண்டு. கணக்கெடுப்பிலேயே விடுபட்டவர்கள் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை மாதிரி ஏதாவது ஓர் ஆதாரத்தோடு விண்ணப்பித்தால், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தி.நகர் பக்கம் என்றால் கோடம்பாக்கம் மண்டல அலுவலகம். ஒப்புகை எண் வாங்காமல் வந்துவிட்டால் 15 நாள் எப்போது தொடங்கியது என்று யாரிடமும் காட்ட முடியாது.

பரிந்துரைக் கடிதம் கடனுக்கு மட்டும்தான். அதைக் காட்டி நடைபாதையில் நிற்க உரிமை கேட்க முடியாது. கடன் வந்துவிட்டது, இனி மாநகராட்சி நம்மைத் தொடாது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள். உரிமை தருவது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும், அதன்கீழ் வரும் விற்பனைச் சான்றிதழும்.

இந்தத் திட்டத்தில் எனக்குள்ள பெரிய குறையும் இங்கேதான். கடன் வாங்க வழிசெய்வதும் மாநகராட்சி, தெருவை அழகுபடுத்துவதும் அதே மாநகராட்சி. இரண்டு வேலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதாகத் தெரியவில்லை. தி.நகரின் பாண்டி பஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவில் தியாகராய சாலையின் நடைபாதையை அகலப்படுத்தி, இருக்கை போட்டு, 2019 நவம்பரில் திறந்தார்கள். நடப்பவருக்கு அருமையான இடம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நடைபாதைக் கடைகள் அதற்குள் வணிக வளாகக் கட்டடத்துக்குள் போயிருந்தன. ஹேர்பின்னும் கர்ச்சீப்பும் போகிற போக்கில் வாங்குகிற சாமான். அதற்காக யாரும் மாடி ஏறமாட்டார்கள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை வந்தது. அதுவும் நடப்பவருக்கு வசதிதான். ஆனால் கூட்டத்தை மேலே ஏற்றும்போது, கீழே அந்தக் கூட்டத்தை நம்பிக் கடை போட்டிருப்பவரின் கணக்கையும் யாராவது போட வேண்டும்.

15,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி வைத்தவருக்கு நிற்க இடம் போனால், கடன் தண்டலைவிட மோசமான சுமை. சரக்கு வீட்டில் கிடக்கும், தவணை ஓடும். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் அந்தக் குழுவைக் கேட்க வேண்டும். இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் தானாக வளர்ந்த சந்தை என்றால் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து அப்படியே விட வேண்டும். உங்கள் பகுதிக் குழு உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது, மூன்றாவது கடனுக்கு அலைவதைவிட முக்கியம்.

சிறு சலுகைகளையும் சொல்லிவிடுகிறேன். யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குக் கேஷ்பேக் உண்டு. புதிய விதிப்படி 1,600 ரூபாய் வரை, மொத்தக் கொள்முதலும் சேரும். ஆனால் வண்டியில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். மகன் கணக்கில் இருந்தால் உங்கள் பெயரில் ஒன்றும் ஏறாது. இரண்டாவது கடனை ஒழுங்காக முடித்தவருக்கு யு.பி.ஐ.யோடு இணைந்த ரூபே கடன் அட்டை தருகிறார்கள். தவணைக் கட்டுப்பாடு பழகாதவர் அதைத் தள்ளிப்போடலாம். இந்தக் கடனோடு மற்ற நலத்திட்டங்களில் சேர்த்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. அதில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் விபத்துக் காப்பீட்டை மட்டும் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். பேருந்து உரசிப் போகும் ஓரத்தில் நாள் முழுக்க நிற்கிற தொழில் இது.

மதிப்பெண் போடச் சொன்னால் கடனுக்கு ஐந்தில் நாலு, விண்ணப்ப அலைச்சலுக்கு இரண்டரை, இடத்துக்கு ஒன்று.

கடன் வாங்கிய பிறகு பொருளைப் பறிமுதல் செய்ய வண்டி வந்தால் கத்திச் சண்டை போடுவதில் பயனில்லை. எடுத்த பொருளின் பட்டியலை எழுதிக் கேளுங்கள், அதன் நகலைக் கொடுப்பது அவர்கள் கடமை. உரிய கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் பழம், பூ மாதிரி அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். பட்டியல் இல்லாமல் போன கூடையில் எத்தனை கிலோ இருந்தது என்பதை அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.