பாளையங்கோட்டைச் சமையலறையில் ஓர் ஓடிஜி அடுப்பு: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் 30 லிட்டர் கொள்ளளவுள்ள ஓடிஜி அடுப்பு (அவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்னடுப்பு) ஒன்று பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது. மேலேயும் கீழேயும் சூடேறும் கம்பிகள், காற்றைச் சுழற்றும் விசிறி, வெப்பத்துக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு என்று அமைந்த நடுத்தர விலை அடுப்புதான் அது. பிறந்தநாள் கேக், கிறிஸ்துமஸ் பழக் கேக், மாலைக் காப்பிக்கு வெண்ணெய் பிஸ்கட் என்று ஓயாமல் வேலை வாங்கியிருக்கிறோம். கேக் நடுவில் குழிவது, பிஸ்கட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, மேற்புறம் கருகியும் உள்ளே மாவாகவே இருப்பது ஆகிய சிக்கல்களுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் செய்முறை காரணமாக இருப்பதில்லை. அறையின் வெப்பமும் அடுப்பின் உண்மையான வெப்பமும் செய்முறையை எழுதியவர் மனத்தில் கொண்ட அளவில் இல்லை என்பதே காரணம். ஆகவே செய்முறையில் கைவைப்பதற்கு முன் இந்த இரண்டு வெப்பங்களையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அறையின் வெப்பம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளில் வெண்ணெய் ‘அறை வெப்பநிலையில்’ இருக்க வேண்டும் என்று காணப்படும். அங்கே அது 20 டிகிரியை ஒட்டியது. இங்கே சித்திரையிலும் வைகாசியிலும் வெளி வெப்பம் 38 டிகிரியைத் தொடுவது வழக்கமே. மதியச் சமையல் முடிந்த அடுக்களை 34, 35 டிகிரியில் இருக்கும். ஏறக்குறைய அந்த வெப்பத்தில் வெண்ணெய் உருகியே போய்விடும். சீனியையும் வெண்ணெயையும் சேர்த்து அடிப்பது வெறுமனே கலப்பதற்காக அல்ல. சீனித் துகள்களின் முனைகள் கொழுப்புக்குள் மிக நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குவதற்காகத்தான். பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு அந்த அறைகளைப் பெரிதாக்குமே தவிரப் புதிதாக அறைகளை உண்டாக்காது. வெண்ணெய் எண்ணெயாகிவிட்டால் காற்றுக்குத் தங்குமிடம் இல்லாமற்போகிறது. பிறகு எவ்வளவு நேரம் அடித்தாலும் கேக் உளுந்தங்களியைப் போல இறுகித்தான் வரும். உருகிய வெண்ணெயைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து இறுக்கினாலும் பயன் இல்லை. அதில் நீரும் கொழுப்பும் பிரிந்துவிட்டிருக்கும்.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெளியே வைத்தால் வெயில் காலத்தில் 10 நிமிடம் போதும். விரலால் அழுத்தும்போது குழி விழ வேண்டும். ஆனால் விரலில் எண்ணெய்ப் பசை மினுங்கக் கூடாது. நம் கடைச் சீனி பெரிய பருக்கையாக இருப்பதால் மிக்சியில் பொடித்துக்கொள்வது அவசியம். பொடித்தவுடன் அது சூடாக இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சூடே வெண்ணெயை இளக்கப் போதுமானது என்பதால், பொடித்த சீனியைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே சேர்க்கிறோம். அடிக்கும் கிண்ணத்தை ஐஸ் தண்ணீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டால் இயந்திரத்தின் சூடும் கலவையை எட்டாது. வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் இந்த வேலையை விடிவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இவ்வளவு பாடுபட இயலாதவர்களுக்கு என் பரிந்துரை, ஏப்ரலிலும் மே மாதத்திலும் எண்ணெய் சேர்த்துச் செய்யும் கேக்குக்கு மாறிவிடுவதுதான். அது முட்டையை அடிப்பதால் சேரும் காற்றையும் பேக்கிங் பவுடரையும் நம்பியே எழும்புவது. அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் அதற்குக் கேடு இல்லை.

பிஸ்கட் பரவுவதற்கும் மூலகாரணம் இதுவே. உருட்டி வைத்த மாவு இளகிய நிலையில் அடுப்புக்குள் போனால், ஓரம் இறுகுவதற்கு முன்பே கொழுப்பு உருகி ஓடிவிடுகிறது. மாவை உருண்டைகளாகப் பிடித்துத் தட்டில் அடுக்கி, தட்டோடு முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும். ஒரு தட்டு வெந்து வந்த சூட்டோடு அதே தட்டில் அடுத்த உருண்டைகளை அடுக்குவதும் பரவலுக்கு வழிவகுக்கும். நெய் பிஸ்கட்டுக்கு நெய் உறைந்த நிலையில் இருப்பது முக்கியம். மார்கழியில் தானே உறைந்திருக்கும் நெய்யை மற்ற மாதங்களில் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் பரவுமானால் மட்டும், சீனியும் வெண்ணெயும் மாவின் எடைக்குக் கூடுதலாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இங்கே எடை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மைதாவைக் கப்பில் தளர்வாக எடுத்தால் 120 கிராம். அதே கப்பைப் பொட்டலத்துக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரையில் போகும். மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் எத்தனையோ வீண்சந்தேகங்கள் விலகிவிடும்.

அடுத்தது அடுப்பின் வெப்பம். திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 டிகிரி இருக்கும் என்ற எண்ணத்தைக் கைவிடுவதுதான் ஓடிஜி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது. அடுப்புக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக் கம்பித்தட்டின் நடுவில் வைத்துப் பார்த்ததில், எங்கள் அடுப்பில் திருகு காட்டுவதைவிட ஏறக்குறைய 20 டிகிரி கூடுதலாக இருப்பது தெரிந்தது. கேக்கின் மேற்புறம் எரிமலை வாய்போல் பிளப்பதற்கு விளக்கம் அதிலேயே கிடைத்தது: வெப்பம் மிகும்போது மேல்தோல் முன்கூட்டியே இறுகிவிடுகிறது, உள்ளே பின்னர் எழும்பும் மாவு வழியில்லாமல் தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி கம்பியை அணைத்தும் ஏற்றியும் இயங்குவதால் வெப்பமானியின் முள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 20 நிமிடம் காத்திருந்து, அது ஊசலாடும் இடைவெளியின் நடுவைக் கணக்கில் கொள்ள வேண்டும். அடுப்பு சூடேறியதைக் காட்டும் விளக்கு அணைந்தவுடன் மாவை உள்ளே தள்ளுவது அவசரம். உட்சுவர்கள் சூடேற இன்னும் சில நிமிடங்கள் ஆகும். விசிறியைச் சுழலவிட்டால் செய்முறையில் உள்ள வெப்பத்தில் 20 டிகிரியைக் குறைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். எங்கள் அடுப்பிலும் அது சரியாகவே இருக்கிறது.

சிறிய அடுப்பில் தட்டை வைக்கும் படியும் முக்கியமானது. நடுப்படியில் வைத்தால் எழும்பிய கேக்கின் தலை மேல்கம்பியை நெருங்கிவிடும். எனவே கீழ்ப்படியில், கம்பித்தட்டின்மேல்தான் கேக் பாத்திரத்தை வைக்க வேண்டும். முழுத்தட்டின்மேல் வைத்தால் கீழ்க்கம்பியின் சூடு தடைபட்டு அடிப்பாகம் வெளுத்து ஈரமாக நின்றுவிடும். மேற்புறம் நிறமேறியும் உள்ளே வேகாமல் இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு நேரம் கழிந்த பிறகு அலுமினியத் தாளால் மேலே மூடலாம். அதற்கு முன்பு கதவைத் திறந்தால், இன்னும் இறுகாத கேக் குளிர்ந்த காற்றுப் பட்டு அமிழ்ந்துபோகும். பாத்திரக் கடையில் கிடைக்கும் வெளிர்நிற அலுமினியப் பாத்திரத்தில் கேக் ஒரே சீராக வேகிறது. கருநிற ஒட்டாத பூச்சுள்ளவை சூட்டை அதிகம் வாங்குவதால், அவற்றில் ஓரமும் அடியும் விரைவில் சிவக்கின்றன.

நம் ஊரில் மின்னழுத்தத்தையும் கணக்கில் கொள்ளாமல் முடியாது. கம்பி தரும் சூடு மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால், அழுத்தம் குறைந்த அளவைவிட அதிகமாக, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆற்றல் குறைந்துபோகிறது. தெருவெங்கும் குளிர்சாதனம் ஓடும் முன்னிரவில் அடுப்பு சூடேற நெடுநேரம் எடுப்பதற்கும், ஒருமுறை கதவைத் திறந்தால் இழந்த சூட்டை மீட்கத் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். முக்கியமான கேக் என்றால் முற்பகலில் செய்துவிடுகிறோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளைத் தவிர்த்துவிடுகிறோம். சொல்லாமல் கரண்டு போய்விட்டால், கதவைத் திறக்காமல் விட்டுவைப்பதே சிறந்தது. முக்கால் பங்கு வெந்திருந்தால் மிச்சத்தை அடுப்பின் உட்சூடே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, 1,800 வாட் அடுப்பு 8 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். மிக்சிக்கான பிளக்கில் மாட்டினால் பிளக் உருகக்கூடும்.

“பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் கூடப் போட்டா இன்னும் நல்லாப் பொங்கும்லா, மதினி?” என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை கேட்டார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 125 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டியோ, சற்றுக் கூடுதலோ போதும். மிகுந்தால் காற்றறைகள் வேகமாகப் பெருத்து, சுவர் இறுகுவதற்கு முன்பே உடைந்து, எழும்பிய கேக் நடுவில் குழிந்துவிடும். சமையல் சோடா அதைவிட மூன்று நான்கு மடங்கு வீரியமுள்ளது. புளிப்பான பொருள் சேரும் செய்முறையில் கால் தேக்கரண்டிக்குமேல் போட்டால் சோப்பு வாடை தட்டும். பழைய பொட்டலத்தில் ஐயம் இருந்தால், பேக்கிங் பவுடரை வெந்நீரிலும் சோடாவை எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் சட்டென்று நுரைக்க வேண்டும். முட்டை சேர்க்காமல் தயிரும் சோடாவும் சேர்த்துச் செய்யும் கேக்கில் வேறொரு நுட்பம் இருக்கிறது. நம் வெயிலில் காலையில் உறைந்த தயிர் மாலைக்குள் கடுமையாகப் புளித்துவிடும். புளிப்பு ஏறினால் சோடா உடனே வேகமாக நுரைத்து, பாத்திரத்தில் ஊற்றுவதற்குள் வாயு வெளியேறிவிடுகிறது. புளிக்காத தயிரை எடுப்பதும், அடுப்பைச் சூடாக்கிவைத்த பிறகே மாவைக் கலப்பதும் இதற்குத் தீர்வு. மைதா சேர்த்த பிறகு அடித்துக்கொண்டே இருந்தால் கேக்கை அறுக்கும்போது நீள நீளமான துளைகள் தெரியும். மாவு மறைந்தவுடன் கரண்டியை எடுத்துவிட வேண்டும்.

மொறுமொறுப்பு இழக்கும் பிஸ்கட்டுக்கு மருந்து, காலத்தை அறிவதுதான். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் வறண்ட காற்று வீசும்போது, 2019இல் தனி மாவட்டமான தென்காசியிலும் செங்கோட்டைப் பக்கத்திலும் சாரல் விழுந்துகொண்டிருக்கும்; அங்கே அப்போது நேரும் நமுத்தல் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வருகிறது. பிஸ்கட் முழுவதும் ஆறுவதற்கு முன் டப்பாவில் மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். நமுத்துப்போனதை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும். தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் முயல்பவர்கள் மழை நாளைத் தவிர்ப்பது நலம். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி ஆகிய மூன்றையும் கொண்ட அது வேகுவதைவிடக் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்வதுதான் அதிகம். 110 டிகிரியில் பொறுமையாக வைத்து, அணைத்த பிறகும் அடுப்புக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். ஈரக்காற்றில் அது மேலே கசிந்து ஒட்டும். அடிக்கும் கிண்ணத்தில் துளி எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவோ இருந்தால் வெள்ளைக்கரு நுரைத்து நிற்காது.

உடன்குடிக் கருப்பட்டியில் கேக் செய்வது எங்கள் வீட்டு விருப்பம். அதன் மணம் சீனியில் வராது. ஆனால் சீனிக்குப் பதிலாக அதே அளவில் போட்டு வெண்ணெயோடு அடிக்க முடியாது. சிறிதளவு நீரில் கரைத்து, வடிகட்டி, முழுக்க ஆறவைத்து, அந்த நீரின் அளவுக்குப் பாலைக் குறைத்துக்கொண்டு, எண்ணெய் கேக் முறையில் சேர்க்க வேண்டும். நிறம் இயல்பாகவே கருத்திருப்பதால் வெந்துவிட்டதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்காமல் நடுவில் குச்சி குத்திப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரியும் திராட்சையும் அடியில் தங்கினால், துண்டுகள் பெரிதாகவோ மாவு நீர்த்தோ இருக்கிறது என்று பொருள். மைதாவில் புரட்டிப் போடுவது ஓரளவுதான் உதவும்; பொடியாக நறுக்குவதும் மாவைக் கெட்டியாக வைப்பதுமே உண்மையான தீர்வு. வெந்த கேக்கைப் பாத்திரத்திலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கம்பித்தட்டில் கவிழ்க்கிறோம். அதற்குமேல் விட்டால் அடி வியர்த்து ஒட்டிக்கொள்ளும்.

அடுப்பு இத்தனை காலத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பிகள் உறுதியாக இருக்கின்றன. உள்விளக்கு போய்விட்டது, அதே அளவு விளக்கு விற்பனையாளரிடம் கிடைக்கவில்லை. திருகின் எண்கள் எண்ணெய்க் கையால் தேய்ந்து மறைந்துவிட்டதால், வெப்பமானியைப் பார்த்துச் சரியான இடங்களில் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறோம். சுருள்வில் கொண்ட நேரத்திருகு குறைந்த நிமிடங்களில் பிசகுகிறது. 20ஐத் தாண்டித் திருப்பி, பிறகு வேண்டிய நிமிடத்துக்குப் பின்னே கொண்டுவந்தால் சரியாக ஓடும். அடியில் உள்ள துகள்தட்டை ஒவ்வொரு முறையும் துடைக்காவிட்டால் விழுந்த சீனி கருகி, அடுத்த கேக்கில் புகைவாடை ஏறிவிடுகிறது. கதவின் கீல் தளர்ந்து மேலே மெல்லிய இடைவெளி விழுந்தபோது முன்பக்கம் வெளுத்தும் பின்பக்கம் சிவந்தும் பிஸ்கட் வந்தது. கீலை முடுக்கிய பிறகு அது நின்றது. இப்போதும் பாதி நேரம் கழிந்ததும் பிஸ்கட் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்கிறோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் விளக்கு, சுழலும் கம்பி, வண்ணத் திரை ஆகியவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 28 லிட்டருக்குக் குறையாத அளவு, மேல்கம்பியையும் கீழ்கம்பியையும் தனித்தனியாக இயக்கும் வசதி, 100 டிகிரியில் தொடங்கும் திருகு ஆகியவை இருந்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் அடுப்பு வெப்பமானியும் தராசும் வாங்கிவிடலாம்.