பிரதேச சபையா, பிரதேச செயலகமா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் ஒழுங்கை சேறாகிக் கிடந்தால் போகவேண்டிய இடம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது அது; அதன் உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். சந்தை, நூலகம், குப்பை அகற்றல் எல்லாம் அதன் பொறுப்பு.

காணி அனுமதிப்பத்திரத்துக்கோ பிரதேச செயலகம். அங்கே இருப்பவர் அரசு நியமித்த அதிகாரி. ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் விளக்கிய சட்டவழி அதிகாரம் இதுதான்: ஆளுக்கல்ல, பதவிக்கும் விதிக்கும் கீழ்ப்படிவது. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய வன்னி மக்களுக்குக் காணிதான் உயிர்ப்பிரச்சினை. அது, அவர்கள் வாக்கால் மாற்றக்கூடிய சபையின் கையில் இல்லை. இதைப் பெருங்குறையாகவே பார்க்கிறேன். செயலகத்தின் கோப்பு ஒழுங்கு தேவைதான். ஆனால் அதிகாரத்திடம் கணக்குக் கேட்கும் பழக்கம் சபையில்தான் வளரும். வட்டார உறுப்பினரிடம் தெருவிளக்கில் தொடங்கலாம்.