அரியமங்கலம் பழைய டயர் கடை: உள்பக்கம் பார்த்து வாங்கிய நான்கு டயர்கள்

திருச்சியில் பால்பண்ணை தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம் பக்கம் போனால், லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் தகரக் கொட்டகை போட்ட பழைய டயர் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும் டயர்கள்தான் அடையாளம். கார் டயர் மட்டும்தான் வியாபாரம். ஜூன் மாதம் அங்கே நான்கு டயர் வாங்கி மாட்டினேன். இப்போது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் காட்டூரில் இருக்கிறேன். பாடாலூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. என்னோடு இன்னும் மூன்று டீச்சர்கள் என் வண்டியில் வருவார்கள், பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். 2010 மாடல் ஸ்விஃப்ட். போக வர எண்பது கிலோமீட்டர், பெரும்பாலும் நாலுவழிச் சாலை. இன்னும் இரண்டு வருஷத்தில் வண்டியை மாற்றப் போகிறேன். புது டயர் நான்கு போட்டால் பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. அதனால்தான் பழைய டயர். ஆனால் பழைய டயரில் நான் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவள். அதைச் சொல்லாமல் இந்தக் கடையின் அருமை புரியாது.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் வேறொரு கடையில் அவசரத்துக்கு இரண்டு டயர் வாங்கிப் பின்பக்கம் மாட்டினேன். பார்க்கப் பளபளவென்று கறுப்பாக இருந்தது, பட்டனும் (ரோட்டில் படுகிற, பள்ளம் பள்ளமாக இருக்கும் ரப்பர்) ஆழமாகத் தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். மே மாதம் முழுக்க வண்டி கொட்டகையில் நின்றது. பள்ளி திறந்த நாளில் காற்று பார்க்காமல் அப்படியே எடுத்தேன். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம், நான்கு பேரோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, பாடாலூருக்கும் சிறுகனூருக்கும் நடுவில் பின்னாலிருந்து தடதடவென்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாக ஏதோ நாடா மாதிரி ரோட்டில் புரள்கிறது. அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. நல்லவேளை, பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது பின் டயரில் பட்டன் பட்டையாக உரிந்து, உள்ளே கம்பி தெரிகிறது. பின் சீட்டில் இருந்த கணக்கு டீச்சர் ஏழு மாதக் கர்ப்பிணி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தவர் வழியில் நின்று உதவிய ஒரு லாரி ஓட்டுநர். அதிலும் போதுமான காற்று இல்லை, அழுத்தம் 14 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) தான் இருந்தது. அவரே தன் வண்டியிலிருந்து ஹோஸ் இழுத்துக் காற்றடித்துக் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. "திருச்சியில டயர் வாங்குறதா இருந்தா அரியமங்கலத்துல பாய் கடைக்குப் போங்கம்மா" என்று வழி சொன்னதும் அவர்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் போனேன். பாய்க்கு அறுபது வயது இருக்கும். டயர் வேண்டும் என்றதும் அவர் டயர் எடுக்கப் போகவில்லை. முதலில் என் வண்டியைச் சுற்றி வந்தார். முன் டயர்களைக் கையால் தடவினார். "டீச்சர், ரெண்டு ஓரமும் தேய்ஞ்சிருக்கு, நடுவுல தேயல. நீங்க காத்து கம்மியா வச்சே ஓட்டியிருக்கீங்க" என்றார். காற்று அதிகமாக வைத்தால் நடுப்பகுதி மட்டும் தேயுமாம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரம் நிற்கிற கோணம் சரியில்லை. விடைத்தாளைப் பார்த்ததுமே பையன் எங்கே படிக்காமல் விட்டான் என்று நமக்குத் தெரிவதில்லையா, அப்படி அவர் டயரைப் படிக்கிறார்.

பிறகு உரிந்துபோன டயரைப் புரட்டிப் போட்டு எனக்குக் காட்டினார். கம்பெனி அச்சில் வந்த பட்டனாக இருந்தால் பள்ளத்தின் அடியில் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். என் டயரில் அந்த மேடே இல்லை. பள்ளத்தின் அடி வழுவழுப்பாக இல்லாமல் கத்தி இழுத்த கோடு கோடாக இருந்தது. மொட்டையான டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, மேலே கறுப்பு பாலிஷ் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். லாரிக்கு முறையாகப் போடுகிற ரீபட்டன் வேறு, இது வேறு. ரீபட்டனில் புது ரப்பர் ஏற்றுவார்கள். இதில் இருக்கிற கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்து தயாரிப்புத் தேதி. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும்; முதல் இரண்டு எண் எந்த வாரம், கடைசி இரண்டு எண் எந்த வருஷம். பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் இருக்கும். என் டயரில் அந்தப் பக்கம் வண்டியின் உள்புறம் இருக்கும்படி மாட்டியிருந்தார்கள். 3113. அதாவது 2013-ஆம் வருஷம் 31-ஆவது வாரம். பதினோரு வயதான டயரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இங்கே டயர் வாங்குகிற விதமே வேறு. 165/80 ஆர்14 அளவில் ஏழு டயரை எடுத்து என் முன்னால் போட்டார். "வெளிய பார்த்து வாங்காதீங்க டீச்சர். வெளிய பாலிஷ் போடலாம், உள்ள போட முடியாது" என்று செல்போன் டார்ச்சை என் கையில் கொடுத்தார். குனிந்து ஒவ்வொரு டயரின் உள்பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தேன். நான்காவது டயரில், பக்கச் சுவரின் உள்ளே வட்டமாக ஒரு சாம்பல் நிறக் கோடு. விரலில் மாவு மாதிரி ரப்பர் பொடி ஒட்டியது. அது காற்று இல்லாமல் ஓடிய டயர் என்று பாய் சொன்னார். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். சூட்டில் ரப்பரும் உள்ளிருக்கும் நூலும் பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயர் அப்பழுக்கில்லாமல் இருந்தது, தேதியும் புதுசு. "இது நேத்துதான் வந்துச்சு, நான் இன்னும் பாக்கல" என்றவர், கத்தியை எடுத்துப் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து ஓரமாகப் போட்டார். கிழிக்காமல் போட்டால் யாராவது எடுத்துப்போய் வேறு ஒருவருக்கு விற்றுவிடுவார்களாம். நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது அந்த ஒரு கத்திக் கிழிப்புக்காகத்தான்.

இன்னொரு டயரில் பக்கச் சுவரில் பஞ்சர் ஒட்டு இருந்தது, அதையும் ஒதுக்கினார். பட்டன் பகுதியில் முறையாக ஒட்டிய பஞ்சர் ஒன்று இருந்தால் பரவாயில்லை, பக்கச் சுவரில் ஒட்டு இருக்கிற டயரைத் தொடவே கூடாது என்கிறார். கடைசியில் நான்கு தேறியது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். தேதி இரண்டில் 1423, இரண்டில் 1523. புது வண்டி வாங்கிய கையோடு அலாய் வீலும் அகல டயரும் மாற்றுகிறவர்கள் கழற்றிப் போடுகிற டயர்கள் இவை. அளவுமானியை விட்டுப் பார்த்தோம், பட்டன் ஆழம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. நான்குக்குக் கீழே இருந்தால் விற்க மாட்டாராம். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாமே என்று கேட்டேன். "மழைக்கு சட்டம் தெரியாதே டீச்சர்" என்றார். பட்டன் பள்ளம்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இந்த ஐப்பசியில் சமயபுரம் டோல்கேட் தாண்டித் தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி ஒருமுறைகூட வழுக்கவில்லை.

அளவை மட்டும் பார்த்தால் போதாது, அதற்குப் பக்கத்தில் இருக்கிற 85டி என்பதையும் பார்க்கச் சொன்னார். 85 என்பது அந்த டயர் தாங்கும் எடையின் குறியீடு, ஒரு டயருக்கு 515 கிலோ. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை. வண்டிக்குச் சொன்ன எண்ணைவிடக் குறைந்த எண் இருந்தால் வாங்கக் கூடாது. நாலு பேர் ஏறுகிற வண்டிக்கு இது முக்கியம்.

ஒரு டயர் 1,750 ரூபாய். நான்குக்கு ஏழாயிரம். புது வால்வும் பேலன்சிங்கும் தனிக் காசு, அதை முதலிலேயே சொல்லவில்லை. 600 ரூபாய் சேர்ந்தது. ஜிபே வாங்குகிறார்கள். ரசீது கையால் எழுதின துண்டுச் சீட்டுதான், ஆனால் நான்கு டயரின் தேதி எண்ணையும் அதில் எழுதிக் கொடுத்தார். காற்று இறங்கினால் 15 நாளைக்குள் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், வேறு கியாரண்டி கிடையாது. அலைன்மென்ட் மெஷின் இல்லை, வேறு இடத்துக்குத்தான் போகணும். உட்கார நிழல் கிடையாது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்த வேண்டியிருப்பதால் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும்.

ஒரு குறையைக் கட்டாயம் சொல்லணும். டயர் ரிம்மில் உட்காருவதற்காக வேலை செய்கிற தம்பி காற்றை அதிகமாக ஏற்றினார். பிறகு குறைக்கும்போது ஒரு டயரை மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் மட்டும் 38 பிஎஸ்ஐ, வைக்க வேண்டியது 29. அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். பாய் தம்பியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கண்டித்தார், என்னிடம் மன்னிப்பும் கேட்டார். நீங்கள் போனால் கிளம்புவதற்கு முன்னால் நான்கையும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

டயரைவிட எனக்கு அந்தக் கடையில் கிடைத்த பெரிய லாபம் காற்றைப் பற்றித்தான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என் வண்டிக்கு அதில் 29 பிஎஸ்ஐ. பதினைந்து வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், அதைப் படித்ததில்லை. பெட்ரோல் பங்கில் போய் நின்றால் எல்லா வண்டிக்கும் 35 வைத்துவிடுகிறார்கள். டயரின் மேலேயே ஒரு பெரிய எண் அச்சடித்திருக்கும், அது அந்த டயர் தாங்குகிற உச்ச அளவு, நாம் வைக்க வேண்டிய அளவு அல்ல. இன்னொன்று, ஸ்டிக்கரில் இருப்பது ஆறிய டயருக்கான எண். பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். ஹைவேயில் ஓடிவிட்டு வந்து அளந்தால் 33 காட்டும். அதிகமாகிவிட்டதே என்று அதிலிருந்து இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் 25-தான் இருக்கும். வெப்பம் ஏறினால் வாயுவின் அழுத்தம் ஏறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். என் வண்டிக்கும் அதுதான் கணக்கு என்று ஒரு டயர் கடையில்தான் எனக்கு உறைத்தது.

நைட்ரஜன் அடிக்கலாமா என்றும் கேட்டேன். அவரிடம் அந்த மெஷின் இல்லை. வேண்டுமானால் வெளியே அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் வாராவாரம் பார்ப்பதை விடாதீர்கள் என்றார். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பங்கில் காற்று இலவசம். நான் அதற்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

அவர் சொல்லி ஒரு டயல் மானி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், ஐந்து டயரையும் அளந்து ஒரு பழைய வருகைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. ஆகஸ்டில் ஒரு வாரம் வலது முன் டயர் 29-லிருந்து 26-க்கு இறங்கியிருந்தது. எண்ணை எழுதி வைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, 26-இல் டயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரை வால்வின் வாயில் ஒரு சொட்டு விட்டேன். கடுகளவு குமிழி ஒன்று மெதுவாகப் பெரிதாகி உடைந்தது, மறுபடி ஒன்று வந்தது. வால்வுக்குள்ளே காற்றை அடைத்து நிறுத்துகிற சின்ன ஊசி, அதாவது ‘பின்’, கசிகிறது. பாய் கடைக்குப் போனேன், இரண்டு நிமிஷத்தில் மாற்றினார்கள், காசு கேட்கவில்லை. வால்வு மூடி ஒன்று தொலைந்திருந்ததைப் பார்த்து அதையும் போட்டு அனுப்பினார்கள். மூடி இல்லையென்றால் மண் போய் அந்தப் பின்னில் உட்காருமாம்.

கணக்கு டீச்சருக்கு செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்ததும் மறுபடி என் வண்டியில்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறு அளவு: 29, 29, 28, 29. ஸ்டெப்னி 32. அந்த 28-க்கு இன்று சாயந்திரத்துக்குள் ஒன்று ஏற்றணும்.