உடைந்தபின் பார்ப்பதா, நாள் குறித்து மாற்றுவதா, நிலை அறிந்து செய்வதா?

ஒரே பம்ப்பில் பதினெட்டு மாதத்துக்குள் மூன்று முறை பேரிங் போயிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடியிருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரிங்கை மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். சென்சார் பொருத்தி அதிர்வைக் கண்காணிக்கலாம் என்றார் இன்னொருவர். தயாரித்த கம்பெனியிடமே வருடக் காண்ட்ராக்ட்டாகக் கொடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்பது மூன்றாவது யோசனை. பழைய வொர்க் ஆர்டர்களை, அதாவது செய்த வேலைகளின் பதிவுத் தாள்களைப் புரட்டினேன். முதல் இரண்டிலும் "பேரிங் மாற்றப்பட்டது, பம்ப் நன்றாக ஓடுகிறது" என்று ஒற்றை வரி. மூன்றாவதை எழுதிய ஃபிட்டர் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து எழுதியிருந்தார்: கப்ளிங் (மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் பாகம்) பக்கத்துப் பேரிங்தான் போயிருக்கிறது, கப்ளிங் ரப்பர் தூளாகிக் கீழே கொட்டியிருக்கிறது, மோட்டாரின் பின்கால் போல்ட்டைத் தளர்த்தினால் காலுக்கும் பேஸ் பிளேட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது.

பேரிங்கில் குறை இல்லை. கால் சரியாக உட்காராத மோட்டாரை இறுக்கியதில் அலைன்மென்ட் (மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) கெட்டு, அந்தச் சுமை முழுவதும் பேரிங் மேல் விழுந்திருக்கிறது. பால் பேரிங்கில் சுமை இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் பேரிங் செலவு கூடியிருக்கும், மூலக் காரணம் அப்படியே இருந்திருக்கும்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எங்கள் ஆலைக்கு எந்தப் பராமரிப்பு முறை நல்லது?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. எந்த இயந்திரத்தின் எந்தப் பழுதுக்கு எது நல்லது என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காண்ட்ராக்ட்டும் மென்பொருளும்.

எப்போது கை வைப்பது?

உடையும்வரை ஓட்டுவது சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், விளக்கு, பக்கத்திலேயே மாற்று தயாராக நிற்கும் ஒரு சிறிய பம்ப் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழுதானால் யாருக்கும் ஆபத்து இல்லை, உற்பத்தி நிற்காது, ஸ்பேர் ஸ்டோரில் இருக்கிறது என்றால், உடையும்வரை விடுவதே சரியான முடிவு. ஆனால் அதை யோசித்து, எழுதிவைத்து, ஸ்பேரையும் வாங்கிவைத்துச் செய்திருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டதற்கும் தெரிந்தே விட்டதற்கும் உள்ள வித்தியாசம் ஸ்டோர் ரூமில் தெரிந்துவிடும்.

நாள் குறித்து மாற்றுவதுதான் நிறைய பேருக்கு மனநிறைவு தருவது. அட்டவணை இருக்கும், டிக் அடிக்கலாம், ஆடிட்டில் காட்டலாம். அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இயந்திரம் வயதாக வயதாகப் பழுதாகும், அந்த வயது நமக்குத் தெரியும். இந்த அனுமானத்தை முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் விமானத் துறைக்காரர்கள். யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலன், ஹோவர்ட் ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் தந்த அறிக்கையில், விமான உதிரிகள் பழுதாகும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்தார்கள். வயது கூடக் கூடப் பழுதும் கூடும் வகைகளில் அடங்கியவை 11 சதவீதம்தான். மீதி 89 சதவீதத்துக்கு இந்த வயதில் மாற்று என்று வரம்பு வைப்பதில் பலன் இல்லை. மொத்தத்தில் 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகமாக இருந்து, பிறகு சீராகிவிடும் வகை. அப்படியென்றால் நன்றாக ஓடுவதைக் கழற்றிப் புதிது போடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆபத்தான தொடக்கத்தை நாமே திரும்ப வரவழைக்கிறோம்.

இந்தப் புரிதல் நடைமுறையையே மாற்றியது. பழைய முறைப்படி திட்டமிட்ட டிசி-8 விமானத்தில் 339 பாகங்களுக்குக் காலம் குறித்து முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் வேலை இருந்தது. பின்னால் வந்த டிசி-10-ல் அது 7 ஆகக் குறைந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இதை வேறு வழியில் கண்டவர் உயிரியலாளர் வாடிங்டன். பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்களின் பதிவுகளை அவர் குழு ஆராய்ந்தது. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனை முடிந்த உடனே பழுதுகள் கூடுவதும், பறக்கப் பறக்கக் குறைவதும் தெரிந்தது. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் முடிந்த முதல் வாரத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. பிளாஞ்சில் விட்டுப்போன கேஸ்கெட், திருப்பிப் போட்ட ஓ-ரிங், அளவுக்கு மேல் அடைத்த கிரீஸ் எல்லாம் அந்த வாரத்தில்தான் வெளியே வரும்.

பேரிங் கணக்கும் இதையே சொல்கிறது. தயாரிப்பாளரின் பட்டியலில் போட்டிருக்கும் ஆயுள் என்பது நூறில் பத்து பேரிங் பழுதாகிவிடும் காலம். சரியாகப் பொருத்தி நன்றாக எண்ணெய் போட்டால் பாதிப் பேரிங்குகள் அதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஓடும். பட்டியல் ஆயுளில் எல்லாவற்றையும் கழற்றினால் நல்லவற்றின் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. பத்து முன்கூட்டியே போவதை அப்போதும் தடுக்க முடியாது.

அதற்காக நாள் குறிப்பதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. விமானம் வேறு, மண்ணும் அமிலமும் ஓடும் ஆலை வேறு. சேறு கலந்த திரவத்தைத் தள்ளும் பம்ப்பின் இம்பெல்லர் (உள்ளே சுழன்று திரவத்தைத் தள்ளும் சக்கரம்) தேயும், பிரேக் லைனிங் தேயும், கன்வேயர் பெல்ட் தேயும். தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்து, வேகமும் ஓரளவு சீராக இருந்தால் நாள் குறிப்பதே எளிது, மலிவு. ஆனால் தேய்வதைத் தேய்வது என்று நிரூபிக்கும் பதிவு கையில் இருக்க வேண்டும்.

நிலை அறிந்து செய்வதில் எனக்குப் பிடிப்பு அதிகம். ஆனாலும் இதில் ஏமாறவும் வழி உண்டு. எந்தப் பழுதுக்கும் அது தெரிய ஆரம்பிக்கும் நேரம் ஒன்று, இயங்க முடியாமல் போகும் நேரம் ஒன்று. நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். தேயத் தொடங்கிய பேரிங்கை மீயொலிக் கருவி முதலில் பிடிக்கும், அப்புறம் அதிர்வு அளவு காட்டும், அதற்கப்புறம் காதுக்குக் கேட்கும், கையை வைத்தால் சுடும், கடைசியில் புகை. கை சுட்டு நாம் கண்டுபிடித்தால் மிஞ்சுவது மணிக்கணக்குதான்.

இங்கே பலர் விடும் கணக்கு ஒன்று உண்டு. அவகாசம் ஆறு வாரம், அளவெடுப்பது நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுத்த மறுநாள் பழுது ஆரம்பித்தால் அடுத்த சுற்றில் தெரியும்போது கையில் இருப்பது இரண்டு வாரம். ஸ்பேர் வர எட்டு வாரம் ஆகும் என்றால் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? எப்போது நிற்கும் என்பது மட்டும் தெரியும். அளவெடுக்கும் இடைவெளியைக் குறைப்பதா, ஸ்பேரை வாங்கி வைப்பதா என்பது இங்கே எடுக்க வேண்டிய உண்மையான முடிவு. பெரும்பாலும் சென்சாரைவிட ஸ்பேர் மலிவாக இருக்கும்.

தரவை ஊட்டினால் பழுதை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று விற்கப்படும் கணினி முறைகளுக்கும் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. 1978-லேயே ரெஸ்னிகாஃப் என்ற கணித அறிஞர் அதைச் சுட்டிக்காட்டினார். பழுதைப் பற்றிக் கற்க வேண்டுமென்றால் பழுதுகள் நடக்க வேண்டும். எதை நடக்கவே விடக்கூடாதோ, அதைப் பற்றித்தான் தரவு மிகக் குறைவாக இருக்கும். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான மோட்டார்கள் இருக்கும் இடத்தில் இவை நன்றாக வேலை செய்யலாம். ஆலையில் ஒன்றே ஒன்று இருக்கும் பெரிய கம்ப்ரசருக்கு அனுபவசாலியின் காதையும் அதிர்வு வரைபடத்தையும்தான் நான் முதலில் நம்புவேன்.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்றை விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சேஃப்டி வால்வு, ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் டிரிப் சுவிட்ச், ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் போன்றவை பழுதானாலும் அன்றாடம் தெரியாது, தேவைப்படும் நேரத்தில்தான் தெரியும். இவற்றை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பதுதான் பராமரிப்பு. சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை பழுதாகும் கருவியை வருடம் ஒருமுறை சோதித்தால், அது செத்துக் கிடக்கும் நேரம் சராசரியாக ஐந்து சதவீதம். இருபதில் ஒரு முறை கைவிடும் பாதுகாப்பு போதுமா என்ற கேள்விக்குப் பராமரிப்புத் துறை தனியாகப் பதில் சொல்லக் கூடாது, மேலாண்மையும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

யார் செய்வது?

சொந்த ஆட்கள், தயாரித்த கம்பெனி, வெளிக் காண்ட்ராக்டர் என்று ஒப்பிடும்போது எல்லோரும் விலையில் தொடங்குகிறார்கள். நான் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதில் தொடங்குவேன். ஆள் நாளுக்கு இவ்வளவு என்றால், இயந்திரம் உடைய உடைய அவர்களுக்கு வருமானம். வருடத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்றால், குறைவாகச் செய்வதில் லாபம். மனிதர்கள் நேர்மையானவர்களாக இருந்தாலும் ஒப்பந்தம் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஓடிய நேரத்துக்குப் பணம் என்பது நல்ல மாற்று. 1962-ல் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் வைப்பர் எஞ்சினுக்குப் பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்துப் பராமரிப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதை வாங்கிய ரோல்ஸ்-ராய்ஸ் பின்னால் அந்த முறையை விரிவாக்கியது. எஞ்சின் ஓடினால் இருவருக்கும் லாபம், நின்றால் இருவருக்கும் நஷ்டம்.

ஆனால் ஆலைகளில் இதை "99 சதவீதம் இயங்கு நிலை" என்று சுருக்கி எழுதுவதில் பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரு இயந்திரம் 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, சரிசெய்யப் பத்து மணி நேரம் ஆகிறது. இன்னொன்று 500 மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று, ஐந்து மணி நேரத்தில் சரியாகிறது. இரண்டுக்கும் இயங்கு நிலை ஒன்றேதான், 99 சதவீதம். நின்ற லைனைத் திரும்பச் சூடேற்றி ஓடவைக்க எட்டு மணி நேரம் ஆகும் ஆலையில் கணக்கு மாறிவிடும். 1000 மணி நேரத்துக்கு முதலாவதில் இழப்பு 18 மணி நேரம், இரண்டாவதில் 26. காண்ட்ராக்டர் இரண்டுக்கும் ஒரே தொகைதான் வாங்குவார். எத்தனை முறை நின்றது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான்கு வருடம் அதிர்வு அளவெடுத்த ஒரு காண்ட்ராக்டர் விலகியபோது, எங்களிடம் மிஞ்சியது மாதாமாதம் வந்த 'நல்ல நிலை, கவனிக்கவும், மோசம்' என்ற வண்ணப் பட்டியல் மட்டும்தான். மூல அளவுகள் அவர்களுடைய கணினியில் இருந்தன. தரவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாததால் புதிய குழு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

யாருக்குக் கொடுத்தாலும் கொடுக்கக்கூடாத வேலைகள் சில உண்டு. துடைத்துச் சுத்தம் செய்வது, எண்ணெய் மட்டம் பார்ப்பது, தளர்ந்த போல்ட்டைக் கவனிப்பது. ஜப்பானில் செயிச்சி நகாஜிமா வளர்த்தெடுத்த டி.பி.எம். (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) முறையின் உயிர் இதுதான்: இயந்திரத்தை ஓட்டுபவரே அதன் முதல் காவல்.

எங்கே எழுதுவது?

லாக் புக், எக்செல், பராமரிப்பு மென்பொருள், வாங்குவதிலிருந்து கழிப்பதுவரை எல்லாம் அடங்கிய பெரிய சொத்து மேலாண்மை மென்பொருள் என்று படிகள் இருக்கின்றன. இருநூறு இயந்திரம் உள்ள இடத்துக்கு ஒழுங்காக வைத்த எக்செல் போதும். இரண்டாயிரம் என்றால் போதாது. யார் எந்தப் பிரதியைத் திருத்தினார் என்றே தெரியாது. 2014-ல் வந்து 2024-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 55001 தரநிலை எந்த மென்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. செலவு, ஆபத்து, செயல்திறன் மூன்றையும் சேர்த்து எடைபோட்டு முடிவெடுக்கிறோம் என்று காட்டத்தான் சொல்கிறது.

மென்பொருளை வாங்கும் முன் அதில் வொர்க் ஆர்டரை மூடும் திரையைப் பாருங்கள். என்ன அறிகுறி, என்ன காரணம், என்ன செய்தோம் என்ற மூன்றையும் கையுறையைக் கழற்றி இரண்டு நிமிடத்தில் போட முடிகிறதா? பழுதுக் காரணப் பட்டியலில் எண்பது வரி இருந்தால் எல்லோரும் 'மற்றவை'யைத் தான் அழுத்துவார்கள். பத்துப் பன்னிரண்டு வரி போதும், அதோடு தாராளமாக எழுத ஒரு இடம்.

பதிவு கைமாறாமல் போனால் செலவோடு நிற்பதில்லை. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்ப்பின் சேஃப்டி வால்வைக் கழற்றியிருந்தார்கள். பம்ப் வேலைக்கு ஒரு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வு வேலைக்குத் தனி பெர்மிட். வால்வு இல்லை என்பது இரவு ஷிப்ட்டுக்குத் தெரியவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்ததில் 167 பேர் இறந்தார்கள். எந்த மென்பொருளை ஒப்பிட்டாலும், ஒரே இயந்திரத்தில் திறந்திருக்கும் எல்லா வேலைகளும் ஒரே திரையில் தெரிகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

நம் பம்ப்புக்கு வருகிறேன். மூன்று யோசனைகளும் அன்று ஒத்திவைக்கப்பட்டன. பேஸ் பிளேட்டைச் சுத்தம் செய்து, காலடியில் இடைவெளியை நிரப்ப அளவான ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, அலைன்மென்ட்டை மறுபடி பார்த்தோம். அதிர்வு வினாடிக்கு 6.8 மில்லிமீட்டரிலிருந்து 1.9-க்கு இறங்கியது. அந்த அளவை இனி ஒப்பிடுவதற்கான அடிப்படையாக வொர்க் ஆர்டரில் எழுதினோம், ஷிம் கனத்தோடு. மாதம் ஒருமுறை கைக்கருவியால் அளவெடுக்க முடிவானது. ஸ்டோரில் ஒரு செட் பேரிங் வைத்தோம், கூடவே ஒரு கப்ளிங் ரப்பர்.